ஒரு ஊஞ்சலை மாட்ட ஒரு வருஷம்

போன பொங்கலுக்கு ஓமலூர் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனப்பதான் இது ஆரம்பிச்சுது. மாட்டுப்பொங்கலுக்கு கொட்டாய சுத்தம் பண்றோம்னு கடலக்கா மூட்டைய எல்லாம் எடுத்து வெளிய வச்சா, மூட்டைக்கு ஈரம் ஏறக்கூடாதுன்னு அடியில ஒரு பலகை போட்டிருந்தாங்க. சும்மா காலால தட்டினேன், சத்தம் வேற மாதிரி வந்துச்சு. நிமித்திப் பார்த்தா நாலு மூலையிலயும் ஓட்டை, ஓட்டையைச் சுத்தி பித்தளை வளையம். எங்கம்மாவோட ஊஞ்சல். சங்கிலி எங்கன்னு கேட்டேன். அண்ணி அண்ணனைப் பார்த்தாங்க, அண்ணன் மாட்டைப் பார்த்தாரு. பித்தளை நல்ல வெலைக்குப் போன ஏதோ ஒரு வருஷம் அது எடைக்குப் போயிருக்கு, சரி விடு. பலகைய வேணா எடுத்துட்டுப் போடான்னாரு.

நான் பஸ் ஒர்க்‌ஷாப்புல 34 வருஷம் இருந்துட்டு ரிடையர் ஆனவன், வீட்டம்மா கவர்மெண்ட் ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர், அவங்களும் ரிடையர் ஆகி மூணு வருஷம் ஆச்சு, சேலத்துல கன்னங்குறிச்சி பக்கம் வீடு. வீட்டுல நான் அவங்களை டீச்சர்னுதான் கூப்பிடறது, ஆரம்பத்துல கிண்டலுக்கு கூப்பிட்டது அப்படியே நின்னுருச்சு.

பலகை அஞ்சரை அடி நீளம், ரெண்டு அடி அகலம், ரெண்டு இன்ச் கனம், நல்ல தேக்கு. பாத்ரூம் தராசுல முதல்ல நான் ஏறி, அப்புறம் பலகைய பிடிச்சுக்கிட்டு ஏறி கழிச்சுப் பார்த்ததுல 35 கிலோ வந்துச்சு. குட்டியானை வாடகை 1200, கூடவே அண்ணி கொடுத்த ரெண்டு மூட்டை கடலக்கா. சித்திரை லீவுக்குப் பேரப்பிள்ளைங்க வர்றதுக்குள்ள மாட்டிடலாம்னு கணக்கு போட்டேன், மூணு மாசம் இருக்கு, ஒரு பஸ்ஸையே அதுக்குள்ள பிரிச்சு கோத்துடலாம்.

முதல் வேலை அழுக்கு. மேல இருந்தது வார்னிஷா, எண்ணெய்ப் பிசுக்கா, மாட்டுச்சாணமான்னே தெரியல, எல்லாம் சேர்ந்து கருப்பா ஒரு தோல் மாதிரி இருந்துச்சு. சோடா போட்டு கழுவலாம்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு, அது தேக்கை கருக்கிடும்னு நான் விட்டுட்டேன். ஸ்கிரேப்பரால நார் போற பக்கமாவே சுரண்டி, அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், 120, கடைசியா 220. மொட்டை மாடியில தென்னங்கீத்து நிழல்ல உக்காந்து தினம் காலையில ரெண்டு மணி நேரம். மிஷின் சாண்டர் மகன் அனுப்பறேன்னான், நான்தான் வேணாம்னேன், ஏன்னா ரிடையர் ஆனவனுக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சா என்ன பண்றது. தேக்கு வாசனை வந்தப்புறம் டீச்சரும் ஒரு பக்கம் தேய்க்க உக்காந்துட்டாங்க, அவங்க தேய்ச்ச பக்கம் என் பக்கத்தை விட வழவழன்னு இருக்கும், அதை நான் இதுவரைக்கும் ஒத்துக்கிட்டதில்ல.

ஒரு ஓரத்துல ஒண்ணே கால் அடிக்கு விரிசல். வெறும் பசை விட்டா ஆடற பலகையில நிக்காதுன்னு அம்மாபேட்டையில ஒரு ஆசாரிகிட்ட காட்டினேன். அவரு நடுவுல ஒடுங்கி ரெண்டு பக்கமும் விரிஞ்ச, உடுக்கை மாதிரி ரெண்டு சின்ன தேக்குக் கட்டை செஞ்சு, விரிசலுக்குக் குறுக்க அதே அளவுக்கு குழி எடுத்து அடிச்சு இறக்கினாரு. இனிமே விரிசல் விரியணும்னா அந்த உடுக்கை ஒடியணும். விரிசல் சந்துல தேக்குத் தூளையும் பசையையும் குழைச்சு அடைச்சாச்சு. அரை நாள் வேலை, அதுல கால் நாள் அவரோட மகளோட கல்யாணக் கதை.

இந்த நேரம் பார்த்து மெட்ராஸ்ல இருந்து மக போன். பேரனுக்குப் பரீட்சை, அவளுக்கு ஆபீஸ்ல ஆள் குறைவு, மாப்பிள்ளை வெளியூர். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறினோம் (ஏற்காட்டுக்கே போகாத ட்ரெயினுக்கு அந்தப் பேரு, ஈரோட்டுல கிளம்பி சென்ட்ரல் போறது), அஞ்சு வாரம் கழிச்சுதான் திரும்பினோம். அஞ்சு வாரமும் பேரனை ஸ்கூலுக்கு விடறது, கூட்டிட்டு வர்றது, மத்தியானம் தூங்கறது. மக வீட்டுல சொட்டிக்கிட்டிருந்த மூணு குழாய்க்கு வாஷர் மாத்தினேன், ஒரு கதவு கீல் மாத்தினேன், அதுக்கு மேல அந்த பிளாட்டுல எனக்கு வேலையே இல்ல.

வந்ததும் எண்ணெய். வார்னிஷ் அடிச்சா பளபளன்னு இருக்கும்னு நான் சொன்னேன், வேர்வையோட உக்காந்தா ஒட்டும், பழசுல உங்கம்மா எண்ணெய்தானே போட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. ஆளிவிதை எண்ணெய், கடையில லின்சீட்னு கேட்டா தருவாங்க, காய்ச்சினதா பார்த்து வாங்கணும், பச்சை எண்ணெய் காய ரொம்ப நாளாகும். முதல் கோட்டுக்கு பாதிக்குப் பாதி டர்பன்டைன், அப்புறம் ரெண்டு கோட்டு எண்ணெய் மட்டும், ஒவ்வொரு கோட்டும் துடைச்சு ஒரு நாள் ரெண்டு நாள் காய விட்டு. இங்க ஒரு விஷயம் முக்கியம், துடைச்ச துணிய சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, அந்த எண்ணெய் காயும்போதே சூடு கிளப்பும், சுருட்டி வச்சா சூடு வெளிய போக வழியில்லாம தானா தீ பிடிக்கும். ஒர்க்‌ஷாப்புல எண்ணெய்த் துணியிலயே வாழ்ந்த எனக்கு இது தெரியாது, டீசல் துணி அப்படி பண்ணாது. டீச்சர்தான் துணிய எடுத்து தண்ணி பக்கெட்டுல போட்டு, ஏங்க இதுக்கு பேரு ஆக்சிடேஷன்னு பாடம் எடுத்தாங்க.

சித்திரை வந்துருச்சு, மகன் பெங்களூர்ல இருந்து குடும்பத்தோட வந்துட்டான், ஊஞ்சல் ஹால் சுவத்துல சாஞ்சு நிக்குது. பேத்தி அதை சறுக்குமரமா வச்சு விளையாடினா. மாம்பழ சீசன், வீடு பூரா மல்கோவா வாசனை. மூணாவது நாள் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவையும் பேத்தி விரல் விட்டு எண்ணிக்கிட்டே வந்தா, 14-க்கு மேல எண்ணல, ஜன்னலைத் திறக்கச் சொன்னா. மேல 1500 மீட்டர் உயரம், கீழ சேலத்துல வேர்த்து ஊத்தறப்ப அங்க சாயங்காலம் சால்வை கேக்குது. நாங்க தங்கின காட்டேஜ் ஒரு காபி தோட்டத்துக்குள்ள இருந்துச்சு, சில்வர் ஓக் மரம் ஒவ்வொண்ணுலயும் மிளகுக்கொடி. அந்தத் திண்ணையில ஒரு ஊஞ்சல் தொங்குச்சு. எல்லாரும் லேடீஸ் சீட்டுக்குப் போய் ராத்திரி சேலத்து லைட்டெல்லாம் பார்த்துட்டு வரலாம்னு கிளம்பறாங்க, நான் ஸ்டூல் போட்டு ஏறி அந்த ஊஞ்சல் கொக்கிய செல்போன் டார்ச்சுல பார்த்துக்கிட்டு இருக்கேன். கொக்கியில வளையம் உக்கார்ற இடம் பாதிக்குப் பாதி தேஞ்சு போயிருந்துச்சு. விரல் கனம் இருந்த கம்பி அந்த இடத்துல சுண்டுவிரல் கூட இல்ல. கீழ இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. காட்டேஜ் பையனைக் கூப்பிட்டு காட்டிட்டு, அன்னிக்கு ராத்திரி எங்க பிள்ளைங்களை அதுல உக்கார விடல, அவங்க கோவத்தோடதான் தூங்கினாங்க.

அங்கதான் யோசனை மாறுச்சு. இரும்பு மேல இரும்பு நேரா தேயக்கூடாது. பஸ்ல பட்டை ஸ்பிரிங்கு தொங்கற ஷேக்கிள் எப்படி இருக்கும், ரெண்டு காது, நடுவுல பின், பின்னுக்கும் காதுக்கும் நடுவுல புஷ், அதாவது பின்னைச் சுத்தி உக்கார்ற குழல், புஷ்ஷுக்கு கிரீஸ். அதே மாதிரி ஊஞ்சலுக்குப் பண்ணா என்ன. வீட்டுக்கு வந்து காலண்டர் பின்பக்கம் படம் போட்டு வச்சேன். மகன் பார்த்துட்டு, அப்பா இதுல டவுன் பஸ்ஸையே தொங்க விடலாம்னான்.

வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் கல்யாணங்கள். எண்ணிப் பார்த்தா ஒன்பது. ஒண்ணும் நடக்கல.

ஆடி 1 தேங்கா சுடறதுக்கு மகளும் பேரனும் வந்தாங்க. சேலத்துப் பக்கம் இல்லாதவங்களுக்கு: தேங்காய நார் போக தேய்ச்சு, கண்ணைத் தொறந்து கொஞ்சம் தண்ணிய வடிச்சுட்டு, பாசிப்பருப்பு, வெல்லம், அவல், எள்ளு எல்லாம் உள்ள போட்டு, அழிஞ்சிக் குச்சிய சொருகி தீயில வாட்டறது. ஓடு கருகி வெடிக்கற சத்தத்துக்காகவே மெட்ராஸ்ல இருந்து பேரன் வருவான். அன்னிக்கு சாயங்காலம் திண்ணையில உக்காந்து சுட்ட தேங்காய தின்னுக்கிட்டே டீச்சர் ஒரு கணக்கு போட்டாங்க. நாங்க ரெண்டு பேரு, கூட ஒரு பேரன், பலகை, சங்கிலி எல்லாம் சேர்த்து 220 கிலோன்னு வை. சும்மா தொங்கினா அவ்வளவுதான். ஆடினா அப்படி இல்ல, கீழ வரும்போது வேகம் இருக்கும், அந்த வேகத்தை வளைச்சு இழுக்கற இழுப்பையும் சங்கிலிதான் கொடுக்கணும். 45 டிகிரி வரைக்கும் ஆடினா அடியில வர்றப்ப இழுப்பு கிட்டத்தட்ட 1.6 மடங்கு, அதாவது 350 கிலோ. 90 டிகிரி ஆடற முரட்டுப் பசங்களுக்கு மூணு மடங்கு. நான் ஒர்க்‌ஷாப் ஆளு, எதுக்கும் நாலு மடங்கு கூட வைப்போம்னுதான் பழக்கம், ஆனா எதுக்கு வைக்கறோம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

தளத்துல ஊஞ்சல் கொக்கி கிடையாது, கான்கிரீட் போடறப்பவே கம்பியோட சேர்த்து கட்டி விட்டிருக்கணும், வீடு கட்டறப்ப யாருக்கு அந்த நினைப்பு. கடைக்காரரு ஆங்கர் போல்ட் அடிச்சுக்கலாம் சார்னாரு. ஃபேனுக்கு சரி, தலைக்கு மேல தொங்கி தினம் ஆடி ஆடி இழுக்கற லோடுக்கு, உள்ள பிடிச்சுக்கிட்டு நிக்கற போல்ட்டை நான் நம்ப மாட்டேன். தளத்தை முழுசா துளைச்சு, மேல ஆறுக்கு ஆறு இன்ச் 10 எம்எம் பிளேட், அதுல இருந்து 20 எம்எம் மர கம்பி, அதாவது மரை போட்ட கம்பி, கீழ இன்னொரு பிளேட்டு, அந்தப் பிளேட்டுல ரெண்டு காது வெல்டு. கம்பி மட்டுமே அஞ்சு டன்னுக்கு மேல தாங்கும். மேல பிளேட்டு இருக்கறதால தளமே அதைத் தூக்கிப் பிடிக்குது.

பிளேட்டு, கம்பி, சங்கிலி எல்லாம் செவ்வாய்ப்பேட்டையில வாங்கினது. பித்தளைச் சங்கிலிக்கு வெலை கேட்டுட்டு அண்ணனை இன்னொரு தடவை மனசுல திட்டினேன். எவர்சில்வர் சங்கிலின்னு முடிவு பண்ணோம். கடையில இது நம்ம ஊரு ஸ்டீல் பிளாண்ட் சரக்கான்னு டீச்சர் கேட்டாங்க, அங்க தகடு, சுருள், நாணயத்துக்கு வெட்டற வில்லை இதெல்லாம்தான் போடுவாங்க, கம்பி இல்லம்மான்னு கடைப்பையன் தெளிவா சொன்னான். புஷ்ஷை கன்மெட்டல்ல, அதாவது ஒரு வகை வெண்கலத்துல, லேத்துல கடைஞ்சேன், பழைய ஒர்க்‌ஷாப் சினேகிதரோட பட்டறை, கூலி வாங்கல, டீயும் தட்டுவடை செட்டும்தான். ஒவ்வொரு பின்னுலயும் கிரீஸ் உள்ள ஏத்தற மூக்கு, கிரீஸ் நிப்பிள், வேற வச்சேன். பட்டறையில எல்லாரும் சிரிச்சாங்க, சிரிக்கட்டும்.

துளை போடறதுக்கு முன்னாடி இடம் பார்க்கணுமே. பலகை எட்டரை அடி கீழ தொங்குது, 30 டிகிரி ஆடினாலே முன்னால நாலேகால் அடி, பின்னால நாலேகால் அடி போகும், அதுக்கு மேல பலகையோட பாதி அகலம், காலு. ஹால் அகலம் 14 அடி. டிவி ஸ்டாண்டு வேற ரூமுக்குப் போச்சு, நடு ஃபேனைக் கழட்டி சுவத்து ஃபேன் மாட்டினேன், ஏன்னா பசங்க பலகை மேல நிப்பாங்க, ஃபேன் றெக்கை தலைக்கு நேரா. ஃபேனுக்குப் போற பைப்பு தளத்துக்குள்ள எந்தப் பக்கம் ஓடுதுன்னு சுவிட்ச் போர்டுல இருந்து கோடு போட்டுப் பார்த்து அதை விட்டுத் தள்ளி மார்க் பண்ணேன்.

புரட்டாசியில ஒரு செவ்வாக்கிழமை, டிரில்லிங் ஆளோட. முதல் துளை மூணு இன்ச் போனதும் சத்தம் மாறுச்சு, சாம்பல் தூள் வர்றது நின்னு பளபளன்னு இரும்புத் துகள் வந்துச்சு. நிறுத்துன்னேன். கம்பிய அறுத்துட்டு போயிடலாம் சார் ஒண்ணும் ஆவாதுன்னான் அந்தப் பையன். அந்த ஒரு கம்பி எத்தனை வருஷமா கூரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, நான் ஒரு ஊஞ்சலுக்காக அதை அறுக்கணுமா. ரெண்டு இன்ச் தள்ளிப் போட்டோம், பழைய ஓட்டைய நான்ஷ்ரிங்க் கிரவுட், அதாவது காயும்போது சுருங்காத சாந்து, வச்சு அடைச்சேன். மேல தட்டோட்டைப் பேத்து, செங்கல் ஜல்லியக் கிளறி, பிளேட்டு கான்கிரீட் மேல நேரா உக்கார்ற மாதிரி குழி எடுத்து, நட்டு, லாக் நட்டு போட்டு இறுக்கி, சிமெண்ட் பூசி, தட்டோடு மட்டத்துக்கு சமமா முடிச்சேன். பார்க்க அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, மாடியில எங்க வேலை நடந்துச்சுன்னே தெரியாது. அதுதான் தப்பு, அது பின்னாடி.

உயரம். நான் நிலத்துல இருந்து 20 இன்ச்னு வச்சேன், எனக்கு சரியா இருந்துச்சு. டீச்சர் உக்காந்தா காலு தரையில படல, உந்த முடியல. அவங்களை நாற்காலியில உக்கார வச்சு முழங்காலுக்கு அடியில அளந்தா பதினாறரை. நீங்க இல்லாதப்ப நான் யாரைக் கூப்பிட்டு ஆட்டச் சொல்றதுன்னாங்க. சங்கிலியில மூணு கண்ணி இறக்கி 17-க்கு வந்தோம். ரசமட்டம் வச்சு நாலு மூலையும் பார்த்தேன், ஒரு மூலை கால் இன்ச் தூக்கல், அதை அப்படியே விட்டுட்டேன்.

ஆயுத பூஜை அன்னிக்கு பலகைக்கு சந்தனம், குங்குமம், பொரி. சிமெண்ட் மூட்டையும் அரிசி மூட்டையுமா ஏத்தி ரெண்டு நாள் தொங்க விட்டு, மேல நட்டு அசைஞ்சிருக்கான்னு பெயிண்ட் கோடு போட்டுப் பார்த்துட்டுத்தான் ஆளை ஏத்தினேன். அசையல.

ஐப்பசி மழை முதல் ராத்திரி, விடியக்காலம் நாலு மணிக்கு டீச்சர் எழுப்பறாங்க, ஏங்க ஊஞ்சல்ல யாரோ தட்டற மாதிரி சத்தம் கேக்குதுங்க. டக்கு, டக்குன்னு. லைட்டைப் போட்டா, மழைத்தண்ணி மரை வழியாவே இறங்கி, காது, பின், சங்கிலி எல்லாம் நனைஞ்சு, நான் மூணு கோட்டு எண்ணெய் போட்ட பலகை மேல ஒவ்வொரு சொட்டா விழுது. தண்ணிக்கு மரை ஒரு சுத்துப் படிக்கட்டு. மேல சமமா பூசினேன்ல, கொஞ்சம் காலத்துல பூச்சு ஓரம் மயிரிழை விட்டு, அந்த இடத்துல தண்ணி தேங்கியிருக்கு. லோடுக்கு நான் அஞ்சு டன் பார்த்தேன், தண்ணிக்கு ஒண்ணுமே பார்க்கல.

ரெண்டு வாரம் பலகைக்கு மேல பாத்திரம் வச்சு காலம் ஓட்டி, வெயில் வந்த ஒரு இடைவெளியில திரும்ப பேத்தேன். இந்தத் தடவை நட்டு, மரையைச் சுத்தி பியூ சீலன்ட், அது ரப்பர் மாதிரி இழுபடும், சிமெண்ட் மாதிரி விரியாது. அதுக்கு மேல பாலிமர் கலந்த சாந்து. அப்புறம் தட்டோட்டுக்கு மேல நாலு இன்ச் உயரத்துக்கு சின்ன திண்டு, நாலு பக்கமும் சரிவா. தண்ணி அதுமேல நிக்கவே வழியில்ல. பார்க்க மாடியில ரெண்டு சின்ன சமாதி மாதிரி இருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டே விட்டாரு. திண்டைச் சுத்தி மண்ணுல வரப்பு கட்டி ஒரு நாள் பூரா தண்ணி நிறுத்திப் பார்த்தேன். கீழ ஒரு சொட்டு இல்ல.

தீபாவளிக்கு ரெண்டு குடும்பமும் வந்துச்சு. ஒரு பக்கம் அம்மாயி, இன்னொரு பக்கம் அப்பாயின்னு டீச்சரை ரெண்டு பேரால கூப்பிட்டு பசங்க ஊஞ்சலுக்கு அடிச்சுக்கிட்டாங்க. டீச்சர் சண்டைய நிறுத்த பேரன் கையில ஸ்டாப்வாட்ச் கொடுத்தாங்க. வெறும் பலகை பத்து ஆட்டத்துக்கு 32 செகண்டு. மகனும் மாப்பிள்ளையும் உக்காந்து ஆடினா 31. வெயிட்டு கூடினதால வேகமா போச்சுன்னு பேரன் சொன்னான், இல்லன்னாங்க டீச்சர். எடைக்கும் நேரத்துக்கும் சம்பந்தமில்ல, நீளம்தான் கணக்கு, ஆளு உக்காந்ததும் மொத்த எடையோட மையம் பலகையில இருந்து கொஞ்சம் மேல ஏறுது, அப்போ தொங்கற நீளம் குறைஞ்ச மாதிரி. மாப்பிள்ளைய எழுந்து நின்னு ஆடச் சொன்னாங்க, நேரம் இன்னும் குறைஞ்சுது. முறுக்குத் தட்டோட எல்லாரும் கைதட்டினாங்க. பசங்க ஸ்கூலுக்கு இந்த மாதிரி ஒரு நாள் போகக் கூடாதான்னு எனக்குத் தோணுச்சு.

மொத்தம் ஆன செலவு பதினேழாயிரத்துச் சொச்சம், பலகை அம்மாவோடது, ஓசி.

இப்ப மார்கழி. போன வாரம் ஏகாதசிக்கு கோயிலுக்குப் போக டீச்சர் வெள்ளைல மாம்பழ பார்டர் போட்ட சேலை கட்டிக்கிட்டு, ஆட்டோ வர்ற வரைக்கும் ஊஞ்சல்ல உக்காந்தாங்க. எழுந்தப்ப தோள்ல கருப்பா ஒரு சொட்டு. கிரீஸ். தீபாவளிக்கு முன்னாடி நல்லா ஆடட்டும்னு நிப்பிள்ல கிரீஸ் கன் வச்சு நாலு அமுக்கு அதிகமா அமுக்கிட்டேன், உபரி எல்லாம் பின் ஓரமா பிதுங்கி நின்னு நேரம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. டீச்சர் ஒண்ணுமே சொல்லல, உள்ள போய் வேற சேலை கட்டிட்டு வந்தாங்க. ஆட்டோவுலயும் ஒண்ணும் சொல்லல.

மறுநாளே கன்மெட்டல் புஷ்ஷை எடுத்துட்டு நைலான் புஷ் கடைஞ்சு போட்டேன், அதுக்கு கிரீஸே வேணாம், லேசா ஆடற இந்த லோடுக்கு தாராளமா தாங்கும், தேஞ்சா மாத்திக்கலாம். பின்னை மண்ணெண்ணெய்ல கழுவி துடைச்சேன். நிப்பிள் மட்டும் அப்படியே இருக்கு, கழட்டினா ஓட்டை தெரியும்னு சாக்கு சொல்லி விட்டுட்டேன். சேலைக்கறைக்கு சமையல் சோடாவும் பாத்திரம் கழுவற சோப்பும் போட்டதுல முக்கால்வாசி போயிடுச்சு. டீச்சர் இப்பவும் உக்கார்றதுக்கு முன்னாடி ஒரு தடவை தலைய தூக்கி மேல பார்த்துட்டுத்தான் உக்கார்றாங்க.